ஊர்க்கல்லில் பெயர் இல்லாத பட்டாளத்தார்



போரில் இறந்துபோன ஒரு கிராமத்துச் சிப்பாயின் வாழ்க்கையை நூறாண்டு கழித்துத் தேடிப் போனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன். படைத்தலைவர்களுக்கு வரலாறு உண்டு. அவர்கள் நாட்குறிப்பு எழுதினார்கள், நினைவுக் குறிப்புகளை அச்சிட்டார்கள், சிலையாகவும் நிற்கிறார்கள். ஏரிக்கரையை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து புறப்பட்டு, ரயிலேறி, கப்பலேறி, பெயர் வாயில் நுழையாத ஓர் இடத்தில் இறந்துபோனவரின் கதை வேறு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. நாம்தான் சேர்க்க வேண்டும்.

முதல் ஆவணமாக ஒரு கல்லை எடுத்துக்கொள்கிறேன். முதல் உலகப் போர் முடிந்த பிறகு, அன்றைய சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் அரசு சிறு கல்வெட்டுப் பலகைகளைப் பதித்தது. பழைய பள்ளிக்கூடச் சுவர், சாவடி, பஞ்சாயத்துக் கட்டடம் என்று இன்றும் அவற்றைக் காணலாம். சில சுண்ணாம்புப் பூச்சுக்குள் பாதி மறைந்து கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம், ஆங்கிலத்தில். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்பதுதான் அதன் பொருள். அவ்வளவுதான். போனவர்களின் பெயர் இல்லை, செத்தவர்களின் பெயரும் இல்லை. ஒரே அச்சில் வாசகத்தை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் ஊருக்கு ஊர் மாற்றியிருக்கிறார்கள்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எடுத்தனூர் நினைவுக்கு வரும். திருவண்ணாமலைப் பக்கத்து ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறுப் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், பட்டுப்போன கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல். அவனுக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துத் தலைவனைக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது, தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகல். ஒரு கைப்பிடிச் சொற்கள்தான் அதில் இருக்கின்றன. அந்தச் சில சொற்களுக்குள்ளேயே இறந்தவனின் பெயர், அவன் ஊர், பூசல் நடந்த ஊர் மூன்றும் வந்துவிடுகின்றன. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் தொகுத்து வெளியிட்டது. அந்தத் தொகுப்பில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அரசனின் ஆட்சியாண்டு, தலைவன், ஊர், பூசலின் காரணம், பட்டவன் பெயர் என்ற வரிசை கண்ணில் படும்.

நாய்க்குப் பெயர் வெட்டிய மண்ணில், 1919-க்குப் பிறகு மனிதனுக்குப் பெயர் வெட்டவில்லை. இன்றைய உரையில் நான் சொல்ல வந்தது இதைச் சுற்றியதுதான்.

அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஒருவர் எங்கே போனார்? தமிழ்ப் பகுதியிலிருந்து சென்ற சிப்பாய்களில் பெரும்பாலோர் பிரான்சைப் பார்க்கவில்லை. அவர்கள் போனது மெசபொடேமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும். இந்த வேறுபாடு தேடுகிறவர்களுக்கு முக்கியமானது. பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அலுவலகம் படித்து, மொழிபெயர்த்து, தொகுத்து வைத்தது. அந்தத் தொகுப்பு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஒரு பஞ்சாபிச் சிப்பாய் தன் மனைவிக்கு என்ன எழுதினான், மழையைப் பற்றி என்ன சொன்னான் என்றெல்லாம் அங்கே படிக்கலாம். பஞ்சாபுக்கு இன்னொரு பேறும் வாய்த்தது. போருக்குப் போனவர்களை ஊர் ஊராக எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் தப்பிப் பிழைத்திருந்தன. சுமார் 3,20,000 பேரின் விவரம் கொண்ட அவற்றை 2021 முதல் எண்ணிமமாக்கி வெளியிட்டு வருகிறார்கள். தன் கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தட்டிப் பார்த்து அவர் பெயரைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஜலந்தர்க்காரருக்குக் கிடைத்திருக்கிறது. செங்கல்பட்டுக்காரருக்கோ வேலூர்க்காரருக்கோ அப்படியொரு கதவு திறக்கவில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்கா என்ற துறைமுகம். 1914 நவம்பர் தொடக்கத்தில் அங்கே இறக்கப்பட்ட இந்தியப் படைகளில் 63-ஆவது பாளையங்கோட்டை இலகுக் காலாட்படையும் ஒன்று. பல நாள் நெரிசலான கப்பலில் கிடந்தவர்களை இறக்கி, முன்பின் அறியாத புதர்க்காட்டில் எந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே நிறுத்தினார்கள். படை தோற்றது. தோல்விக்குப் பின் எழுதப்பட்ட வெள்ளை அதிகாரிகளின் விவரிப்புகளில் இந்தியச் சிப்பாய்கள் மீதே பழி குவிந்தது, சென்னைப் படையினர் மீது கூடுதலாக. திட்டமிட்டவர்களின் பிழையை விடச் சிப்பாயின் ஓட்டம் எழுதச் சுலபமாக இருந்தது. அந்தக் களத்தில் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பாளையங்கோட்டையைச் சுற்றி இருக்கக்கூடும். தாங்கா என்ற பெயர் அவர்கள் காதில் விழுந்திருக்குமா?

மெசபொடேமியாவில்தான் பெருங்கூட்டம் மடிந்தது. பாலம் கட்ட, சாலை போட, கிணறு வெட்ட என்று மதராஸ் சாப்பர்களின் கம்பெனிகள் அங்கே போயின. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தப் பொறியியல் படைப்பிரிவு 1780-இல் தொடங்கியது. படைக்குள் இவர்களுக்குத் 'தம்பி' என்ற செல்லப் பெயரே உண்டு. காலாட்படைப் பிரிவுகளும் போயின. இவற்றில் சாதியால் ஒதுக்கப்பட்ட மக்கள் பெருந்தொகையில் இருந்தார்கள். ஊரில் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவருக்குப் பட்டாளம் பூட்சும் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்தது. 1914-இல் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். ஆள் பற்றாக்குறை முற்றிய 1917-இல் புதிதாகச் சேர்பவருக்கு 50 ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள். அன்றைய பண்ணைக் கூலிக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 'வெள்ளைக்காரனுக்காகச் செத்த கூலிப்படை' என்று இவர்களை ஒரு வரியில் ஒதுக்குபவர்கள் உண்டு. அந்த வரியை நான் ஏற்கவில்லை. கடன் யாருக்குக் கட்ட வேண்டியிருந்தது, நிலம் யார் கையில் இருந்தது என்று கேட்காமல் பட்டாளத்தில் சேர்ந்தவனின் மனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. காந்தியடிகளே 1918-இல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து ஆள் சேர்க்க முயன்றார் என்பதையும் மறக்கக் கூடாது.

போர் என்றவுடன் குண்டடி நினைவுக்கு வருகிறது. மெசபொடேமியாவின் கணக்கு வேறு மாதிரி. பேரரசுப் படைகளில் களத்தில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 11,000 பேர். நோயில் இறந்தவர்கள் 12,600-க்கும் மேல். காலரா, சீதபேதி, வெப்பத் தாக்கு, காய்கறியே கண்ணில் காணாத உணவால் வந்த ஸ்கர்வி. இரும்புப் படகுகளில் வெயிலில் கிடத்திக் கொண்டுவரப்பட்ட நோயாளிகளின் நிலை வெளியே தெரிந்து, விசாரணை ஆணையம் அமைந்து, 1917-இல் அதன் அறிக்கை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தையே உலுக்கியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், குடும்பங்களில் பெரும்பாலும் 'சண்டையில் குண்டு பட்டுச் செத்தார்' என்றுதான் கதை வழங்கும். பதிவேட்டில் சீதபேதி என்று இருந்தால் பேரப்பிள்ளைகளின் முகம் சுருங்கும். சுருங்க வேண்டியதே இல்லை. அவரைக் கொன்றது போர்தான். ஒரு வண்டி எலுமிச்சையும் சுத்தமான குடிநீரும் போயிருந்தால் அவர் ஊர் திரும்பியிருப்பார் என்பது அந்தச் சாவின் கொடுமையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

அமாரா என்று டைகிரிஸ் கரையில் ஓர் ஊர். அங்கே ஆற்றின் இடக்கரையில் இந்தியர் இடுகாடு. சுமார் 5,000 இந்தியப் படையினர் அங்கே நினைவுகூரப்படுகிறார்கள். அவர்களில் அடையாளம் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். ராணுவம் ஒழுங்கான பதிவு வைக்கவில்லை. கல்லறை கிடைக்காதவர்களுக்காக பாஸ்ராவில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு உரியது. வெள்ளையரின் பெயரையும் இந்திய அதிகாரிகளின் பெயரையும் அதில் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களை, 30,000-க்கும் மேற்பட்டவர்களை, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே 'மேலும் இத்தனை பேர்' என்று எண்ணாக மட்டும் நிறுத்தினார்கள். 1997-இல் அந்தச் சின்னமே பெயர்த்தெடுக்கப்பட்டு, நாசிரியா செல்லும் சாலையில் பாலைவனத்துக்கு நடுவே மீண்டும் கட்டப்பட்டது.

சொந்த ஊரில் ஓர் எண். செத்த நாட்டில் ஓர் எண். இரண்டு கல்லையும் வைத்தது ஒரே அரசு. அப்படியென்றால் அந்த மனிதரின் பெயர் அரசுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த நாள், சம்பளம் வாங்கியது, நின்றது எல்லாம் எழுதப்பட்டிருந்தன. எங்கே என்று கேட்டால், பணம் கைமாறும் இடங்களில். சிப்பாயின் வாழ்க்கையைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழி இதுதான்: பணத்தைப் பின்தொடருங்கள். நினைவுக்காக எழுதிய கல்லில் பெயர் விடுபட்டது. செலவுக் கணக்குக்காக எழுதிய தாளில் விடுபடவில்லை.

முதலில் பதக்கம். முதல் போரின் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் அங்கே பதிக்கப்பட்டிருக்கும். சுமைதூக்கிகள், தொழிலாளர் பிரிவினர் முதலியோருக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். ஆகவே உலோகத்தைப் பார்த்தே அவர் எந்த வேலையில் இருந்தார் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். இரண்டாம் போரின் பதக்கங்கள் பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் இல்லாமல் வந்தன. இந்தியப் படையினருக்கு வந்தவற்றில் பெயர் உண்டு. முதல் போரின் பதக்கங்களில் வெள்ளி என்பதால் உருக்கப்பட்டவை ஏராளம். கொலுசாகவும் அரைஞாணாகவும் மாறிப்போனதற்காக அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல மாட்டேன். பஞ்ச காலத்தில் பதக்கம் சோறு போட்டது.

அடுத்தது குடும்ப ஓய்வூதியம். இதில்தான் மனைவியின் பெயரும் தாயின் பெயரும் வருகின்றன. பொதுவாக மறுமணம் செய்துகொண்டால் விதவைக்கு அந்தப் பணம் நின்றுபோகும் என்பது அன்றைய விதி. பதினெட்டு, இருபது வயதில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் அடுத்த ஐம்பது ஆண்டுகளை அந்த விதி எப்படி வளைத்திருக்கும் என்று பாருங்கள். சிப்பாயின் வாழ்க்கை அவர் செத்த நாளோடு முடிகிறது என்று எழுதும் வரலாற்றில் பாதிதான் இருக்கிறது. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்து மாதப் பணம் வாங்கியவரும் அந்தப் போரின் ஆள்தான்.

மூன்றாவது, காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியல். இப்போது யார் வேண்டுமானாலும் கணினியில் தேடலாம். பல பதிவுகளில் இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா என்ற குறிப்பு இருக்கிறது. சிக்கல் எழுத்துக்கூட்டில். ஊர்ப் பெயரைச் சொன்னவர் தமிழர். எழுதியவர் பெரும்பாலும் தமிழ் தெரியாத எழுத்தர். தாளிலிருந்து தட்டச்சுக்குப் போகும்போது இன்னொரு எழுத்து உதிர்ந்திருக்கும். முத்துசாமியை ஐந்தாறு விதமாக எழுதித் தேட வேண்டும். ஊரைத் தேடிக் கிடைக்காவிட்டால் தாலுகாவைத் தேடுங்கள். படைப்பிரிவின் எண் கையில் இருந்தால் அதுவே உறுதியான பிடி.

அதன்பின் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு. லண்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் முதல் போருக்கான இந்த நாட்குறிப்புகள் உள்ளன. அவற்றில் சிப்பாயின் பெயர் அநேகமாக வராது. ஆனால் அவர் இறந்த நாளன்று அந்தப் பிரிவு எங்கே முகாமிட்டிருந்தது, வெயில் எப்படி, தண்ணீர் வந்ததா, எத்தனை பேர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள் என்பது தெரியும். சென்னைப் படைகளைத் தேடுவதில் கூடுதல் இடர் ஒன்று உண்டு. 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' வடக்கே மட்டும்தான் இருக்கின்றன என்ற கோட்பாட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ராபர்ட்ஸ் பிரபு போன்றோர் வளர்த்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் கோட்பாடும் சிக்கன நடவடிக்கையும் சேர்ந்துகொண்டன. சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் 1920களில் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் வந்தபிறகுதான் மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் உயிர்பெற்றது. படைப்பிரிவு கலைந்தால் அதன் உணவுக்கூடத்துச் சுவரில் தொங்கிய படங்களும், பழைய சுபேதார்கள் சொல்லிவந்த கதைகளும் கலைந்துவிடுகின்றன.

ஊருக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு சொல். 'முதல் உலகப் போர்' என்று தொடங்காதீர்கள். 'பட்டாளத்தார் வீடு எது?' என்று கேளுங்கள். வீடு இடிந்திருந்தாலும் இடத்தைக் காட்டுவார்கள். பாஸ்ராவைப் 'பஸரா' என்று சொல்லும் கிழவர்கள் இன்று மறைந்துவிட்டார்கள், ஆனால் அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் அவருக்கு எப்போது படைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். உடல் வரவில்லை, இறந்த நாளும் சரியாகத் தெரியவில்லை என்றால், இறந்த திதி அறியாதவர்களுக்கென்று வழக்கில் உள்ள மகாளய அமாவாசையில் வைத்திருப்பார்கள். சில வீடுகளில் பொங்கலையொட்டிய படையலில் ஒரு வேட்டி கூடுதலாக இருக்கும். கிறித்தவக் குடும்பம் என்றால் நவம்பர் 2-ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, வெறும் இடத்தில் ஒரு மெழுகுவத்தி. பதிவேட்டில் கண்டெடுத்த தேதியை அந்த வீட்டாரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்கு முன் அதைச் செய்யுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இதுவரை பெயர் தெரியாதவர்களைப் பற்றிச் சொன்னேன். பெயர் தெரிந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். மதராஸ் சாப்பர் பிரிவின் 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி. 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மோண்டே கசினோ போர் உச்சத்தில் இருந்தது. 24-ஆம் தேதி மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழு ஒன்றோடு அவர் போனார். ஒருவர் காலடியில் கண்ணி ஒன்று தூண்டப்பட்டது. ஜெர்மானியர் புதைத்த அந்த வகைக் கண்ணி, மிதித்தவுடன் வெடிக்காது. சுமார் நான்கு நொடி கழித்து மேலே துள்ளி, இரும்புக் குண்டுகளைச் சுற்றிலும் தெறிக்கும். சுப்பிரமணியன் அதன்மேல் தன் உடலைப் போட்டு மூடிக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

விருதுக்கான குறிப்பைப் படித்தால் அந்த நான்கு நொடிதான் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகள் இல்லை. அந்த இடைவெளியைக் கற்பனையால் நிரப்ப நான் துணிய மாட்டேன். ஆனால் பதவியே கொஞ்சம் பேசுகிறது. கீழ்மட்டத்தில் சேர்ந்த ஓர் இந்தியர் சுபேதாராக உயரப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். சாப்பர் என்றால் துப்பாக்கியோடு நிற்காது. கொத்து வேலை, தச்சு வேலை, பாலம் கட்டுதல், பாறை வெடித்தல் எல்லாம் பெங்களூரில் படிக்க வேண்டும். அந்தக் கண்ணி எப்படி வேலை செய்யும், எத்தனை நொடி அவகாசம் தரும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்த ஒருவருக்கு அந்த நான்கு நொடி தப்பிக்கவும் போதும். அவர் முன்னால் அடியெடுத்தார். அவரை வெறும் துணிச்சல்காரராகப் புகழ்வது குறைத்துச் சொல்வது என்றே கருதுகிறேன். அங்கே வேலை செய்தது ஒரு தேர்ந்த தொழிலாளியின் அறிவு.

இத்தாலியில் எரியூட்டப்பட்ட இந்தியப் படையினருக்காகச் சாங்ரோ ஆற்றங்கரையிலும் ஃபோர்லியிலும் ரிமினியிலும் நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன. இரண்டாம் போரில் சிப்பாய்க்கும் பெயர் பொறித்தார்கள். ரங்கூனுக்கு அருகே தவுக்யானில் சுமார் 27,000 பெயர்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேல். அந்தத் தூண்களில் தமிழ்ப் பெயர்களை வரிசையாகப் படிக்கலாம். முருகேசன், அந்தோணி, அப்துல் ரகீம். போய்வரும் வசதி உள்ளவர்கள் உங்கள் ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொண்டு போங்கள்.

முதல் போரில் விட்டதைப் பற்றி 2021-இல் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்று அது ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. விடுபட்ட பெயர்களைச் சேர்க்கும் பணி நடக்கிறது. அதற்கு இங்கிருந்தும் தகவல் போக வேண்டும்.

ஆகவே இந்த வரலாற்றுத் துறையிடம் ஒரு வேலையைக் கோருகிறேன். ஒவ்வொரு தாலுகாவிலும் உள்ள அந்தக் கற்களைப் படமெடுங்கள். எண்ணை எழுதுங்கள். பிறகு ஆணையத்தின் பட்டியலில் அந்த ஊர் வருகிறதா என்று பாருங்கள். எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் ஆள்சேர்ப்பு, நிலக்கொடை பற்றிய அரசாணைகளைப் புரட்டுங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் பழைய ஏடு எஞ்சியிருக்கிறதா என்று கேளுங்கள். கல்லில் 'இருவர் உயிர் நீத்தனர்' என்று இருந்தால், இருவர் பெயரும் கிடைக்கும் வரை அந்த ஊரைக் கைவிடாதீர்கள். கிடைத்தபின் பழைய கல்லைத் தொட வேண்டாம். அது அந்த அரசு எப்படி எண்ணியது என்பதற்குச் சான்று. அதன் பக்கத்தில் பஞ்சாயத்தின் ஒப்புதலோடு இன்னொரு கல் வையுங்கள். தமிழில், பெயர், தந்தை பெயர், தெரு, இறந்த இடம், நாள் என்று வெட்டுங்கள். தெரு என்றால் காலனியும் சேரியும் சேர்த்துத்தான்.

அந்தப் பெயர்களைப் பட்டியலிடக் கட்டம் போடும்போது, ஓய்வூதியத் தாளில் ரேகை வைத்த மனைவியின் பெயருக்கும் தாயின் பெயருக்கும் தனித்தனியாக ஒரு பத்தி விடுங்கள்.